சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒரே செடியா, வேறு வேறா?

இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாவரவியலில் 'அல்லியம் சீப்பா' என்று பெயர் பெற்ற அந்த இனத்துக்குள் சின்ன வெங்காயம் 'அக்ரிகேட்டம்' என்னும் தனிப் பிரிவு. பெரிய வெங்காயம் விதையிலிருந்து நாற்றாகி, ஒரு செடிக்கு ஒரு காயாகப் பருக்கும். சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயையே விதையாக ஊன்றுகிறார்கள். ஊன்றிய ஒரு காய் மண்ணுக்குள் பிளந்து நான்கு, ஐந்து, சில நேரம் அதற்கும் மேற்பட்ட காய்கள் கொண்ட கொத்தாகிறது. கடையில் வாங்கிய சின்ன வெங்காயத்தின் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொத்துக்குள் பக்கத்துக் காயோடு ஒட்டி நெருக்கிக்கொண்டு வளர்ந்த அடையாளம் அது.

காயை ஊன்றுவதில் உள்ள சிக்கல் செலவு. ஒரு ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை விதை வெங்காயம் வேண்டும். விலை ஏறியிருக்கும் ஆண்டில் விதைக்கே கையிலுள்ள பணம் போய்விடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 ரகம் நன்றாகப் பூத்து விதை பிடிப்பதால், அதைச் சில கிலோ விதை கொண்டே நாற்றுவிட்டுப் பயிரிடலாம். ஆனால் காய் ஊன்றினால் 65 முதல் 70 நாளில் அறுவடை முடிந்துவிடும். விதை வழியென்றால் 90 நாள் ஆகும். தண்ணீர் குறைந்த கிணற்றை நம்பியிருப்பவருக்கு அந்த இடைவெளி சிறிதல்ல.

'வெங்காயம்' என்ற பெயர் எப்படி வந்தது? உள்ளி, ஈருள்ளி, பல்லாரி எல்லாம் ஒன்றுதானா?

'காயம்' என்பது உறைப்பும் மணமும் உடைய சரக்குகளுக்குப் பொதுப்பெயர். கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தையும் சேர்த்து 'ஐங்காயம்' என்ற தொகைப்பெயர் உண்டு. அந்தக் காயத்தோடு வெம்மை சேர்ந்து வெங்காயம் ஆயிற்று என்பதே இயல்பான பொருள். காயம் என்றால் உடல் என்றும் பொருள் இருப்பதால், காளமேகப் புலவர் மளிகைச் சரக்கு வாங்குவது போலத் தொடங்கி உடலின் நிலையாமையைச் சொல்லும் ஒரு சிலேடை வெண்பாவை வெங்காயத்தில்தான் ஆரம்பித்தார். பிற்காலத்தில் பெரியார் மேடையில் எதையேனும் ஒன்றுமில்லை என்று தள்ளும்போது "வெங்காயம்!" என்றே சொல்லித் தள்ளினார். உரிக்க உரிக்கத் தோல்தான் வருகிறது, உள்ளே விதையோ கொட்டையோ இல்லை என்ற கணக்கு. தாவரவியல் இதற்கு உடன்படாது: உள்ளே போகப் போக வருபவை அடுத்த பருவத்துக்காகச் சேமித்த இலையடிகள், நடுவில் அடுத்த செடியின் குருத்தும் இருக்கிறது.

உள்ளி பழைய திராவிடச் சொல். மலையாளத்திலும் உள்ளி, தெலுங்கில் உல்லி, கன்னடத்தில் ஈருள்ளி. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளி என்றால் வெங்காயம். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்று கேட்டால் பூண்டுதான் கைக்கு வரும். ஊர் மாறிச் சமையல் குறிப்பு படிப்பவர்கள் இதில் ஏமாறாமல் இருக்க வேண்டும். பெரிய வெங்காயத்தைத் தென் மாவட்டங்களில் பல்லாரி என்பது கர்நாடகத்தின் பெல்லாரியிலிருந்து வந்த பெயர். இலங்கையில் அதே காய்க்குப் பம்பாய் வெங்காயம் என்று பெயர். இரண்டும் சரக்கு வந்த வழியைச் சொல்கின்றன. உள்ளூர்க் காய்க்கு ஊர்ப் பெயர் தேவைப்படவில்லை. 'சின்ன' என்ற அடைகூட, பெரியது வந்த பிறகே அவசியப்பட்டிருக்கும்.

வெங்காயம் முதன்முதலில் எங்கே பயிரானது?

மத்திய ஆசியா, ஈரான், அவற்றை ஒட்டிய மலைநாடுகள் என்பதே பெரும்பாலான தாவரவியலாளர்களின் கணிப்பு. வெங்காயத்தின் நேரடி மூதாதை காட்டில் இன்று கிடைக்கவில்லை. அதற்கு மிக நெருங்கிய காட்டு உறவு துர்க்மெனிஸ்தானிலும் ஈரானிலும் வளர்கிறது. எழுத்துச் சான்றுகளில் பழையவை மெசப்பொத்தேமியாவிலிருந்து வருகின்றன. கி.மு. 1750ஐ ஒட்டிய பாபிலோனியக் களிமண் பலகைகள் சில, இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இறைச்சிக் குழம்புகளுக்கான குறிப்புகள் கொண்ட அவற்றில் வெங்காயமும் பூண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. நாலாயிரம் ஆண்டு ஆகப்போகிறது, குழம்பின் தொடக்கம் மாறவில்லை.

பிரமிடு கட்டியவர்களுக்குக் கூலியாக வெங்காயம் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

இந்தக் கதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்னது. பெரிய பிரமிடின் மேலிருந்த ஓர் எழுத்துப் பொறிப்பைத் தனக்கு மொழிபெயர்த்தவர் வாசித்துக் காட்டியதாகவும், தொழிலாளர்களின் முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்காக 1,600 தாலந்து (தாலந்து ஒரு பழைய எடையளவு) வெள்ளி செலவானதாக அதில் இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அவர் எகிப்துக்குப் போனது கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பிரமிடு எழுந்து இரண்டாயிரம் ஆண்டு கழித்து. ஊர் சுற்றிக் காட்டுபவர்கள் அன்றும் கதை சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உணவில் வெங்காயம் இருந்தது என்பதை நம்பலாம். வெள்ளிக் கணக்கை நம்ப வேண்டியதில்லை.

எகிப்தியருக்கு வெங்காயத்தின் மேலிருந்த மதிப்புக்கு இதைவிட உறுதியான சான்று உண்டு. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இறந்த நான்காம் ராம்சேஸ் மன்னனின் பதனிட்ட உடலில் கண்குழிகளில் சிறு வெங்காயங்கள் வைக்கப்பட்டிருந்தன. விவிலியத்தின் எண்ணாகமத்தில், பாலைநிலத்தில் அலைந்த இஸ்ரவேலர் எகிப்தில் தின்ற வெள்ளரி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை நினைத்து ஏங்குகிறார்கள்; திருக்குர்ஆனிலும் இதே நிகழ்ச்சியில் வெங்காயம் வருகிறது.

சில வீடுகளிலும் கோயில் மடைப்பள்ளிகளிலும் வெங்காயம் ஏன் சேர்ப்பதில்லை?

இந்த விலக்கு மிகப் பழையது. பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றை இருபிறப்பாளர், அதாவது மேல் மூன்று வருணத்தார், உண்ணலாகாது என்று மனுநூல் விதிக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவைச் சுற்றிய சீனத் துறவி பாகியான், வட இந்தியாவின் நடுப்பகுதியில், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சண்டாளர் தவிர மற்றவர் வெங்காயமோ பூண்டோ உண்பதில்லை என்று எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், அவற்றை உண்பவர் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று குறித்தார். மனத்தைத் தெளிவாக்கும் சாத்விகம், மந்தமாக்கும் தாமசம் என்ற உணவுப் பகுப்பு இன்று முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டாலும், இந்தச் சாட்சியங்களைப் படித்தால் யார் உண்கிறார்கள் என்பதும் வெங்காயத்தின் மதிப்பை முடிவு செய்தது என்று தெரிகிறது. சமணர் விலக்குவது வேறு காரணத்தால்: மண்ணிலிருந்து பிடுங்கினால் செடி முழுதும் சாகும், மண்ணிலுள்ள உயிர்களும் சாகும்.

மறுபுறம், அதே காலத்து ஆயுர்வேத நூல்கள் 'பலாண்டு' என்று வெங்காயத்தைப் பெயர் சொல்லிக் குணம் எழுதின. அடுப்படியில் விலக்கியதை மருத்துவர் விலக்கவில்லை.

வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருவது ஏன்? வராமல் இருக்க என்ன வழி?

முழு வெங்காயத்தில் காரமும் இல்லை, கண்ணீர் வரவழைக்கும் ஆவியும் இல்லை. முகர்ந்து பார்த்தால் மண் வாடைதான் இருக்கும். வெங்காயத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் ஓர் அறையிலும், அதைச் சிதைக்கும் 'அல்லினேஸ்' என்னும் நொதி இன்னோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி பட்டவுடன் அறைச் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. நொடிப்பொழுதில் உறைப்பான புதிய பொருள்கள் பிறக்கின்றன. அவற்றில் எளிதில் ஆவியாகும் ஒன்று கண்ணின் மேற்பரப்பிலுள்ள நரம்பு முனைகளைச் சீண்ட, அதைக் கழுவித் தள்ளக் கண் நீரைச் சுரக்கிறது. பூச்சியோ விலங்கோ கடித்தால் விரட்டுவதற்குச் செடி வைத்திருக்கும் படைக்கலம் இது. நம் கத்தியையும் அது ஒரு பல்லாகவே எண்ணுகிறது.

அல்லினேஸ் மட்டும் போதும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கண்ணீர் ஆவியை உருவாக்க இரண்டாவதாக ஒரு தனி நொதி இருக்கிறது என்று 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2013இல் அவர்களுக்குக் கிடைத்தது.

இதைப் புரிந்துகொண்டால் வழிகளும் தாமே விளங்கும். கூரான கத்தி குறைந்த உயிரணுக்களை நசுக்கும். மொக்கைக் கத்தி நிறைய நசுக்கும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் நொதியின் வேகமும் ஆவியின் வேகமும் குறையும். மின்விசிறிக் காற்று முகத்துக்கு எதிரே வராமல் பக்கவாட்டில் போகும்படி உட்கார்ந்தாலே பாதி வேதனை தீரும். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொள்வது, தலையில் வெங்காயத் தோலை வைத்துக்கொள்வது போன்றவை பொழுதுபோக்குக்கு நல்லவை.

அவ்வளவு காரமான வெங்காயம் வதக்கினால் இனிப்பது எப்படி?

வெங்காயத்தில் சர்க்கரை முன்பே இருக்கிறது. காரம் அதை மறைத்து வைத்திருக்கிறது. சூட்டில் நொதி செயலிழக்கும், உண்டான உறைப்புப் பொருள்கள் ஆவியாகும், நீர் வற்றி இனிப்பு அடரும். அதற்குப் பிறகும் வதக்கினால் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறமும் புது மணமும் தருகின்றன. இது நிதானமான தீயில் நடக்க வேண்டிய வேலை. ஐந்து நிமிடத்தில் பொன்னிறம் என்று எழுதும் சமையல் குறிப்புகள் பொய் சொல்கின்றன. அரைக் கிலோ வெங்காயத்துக்கு அரை மணி நேரம் கூட ஆகலாம்.

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம்தான் வேண்டும் என்பது வெறும் பழக்கமா?

பழக்கம் மட்டும் அல்ல. சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகவே எண்ணெயில் போடுகிறோம். கத்தி படாததால் உள்ளே காரம் பிறப்பதற்கு முன்பே சூடு நொதியை முடக்கிவிடுகிறது. எனவே வெந்த காய் உறைப்பில்லாமல், பல்லுக்கு அகப்படும்போது தித்திப்பாக இருக்கிறது. இரண்டாவது காரணம் நீர். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பெரிய வெங்காயத்தில் 89 கிராம் நீர். ஷாலட் எனப்படும் சிறு இனத்தில் 80 கிராம். மாவுச்சத்து முன்னதில் 9 கிராம், பின்னதில் கிட்டத்தட்ட 17 கிராம். புளித் தண்ணீரில் நெடுநேரம் கொதித்தாலும் சின்ன வெங்காயம் உருக்குலையாமல் நிற்பதற்கும், பெரிய வெங்காயம் கரைந்து சாம்பாரை நீர்க்கச் செய்வதற்கும் இதுவே காரணம்.

மாறாகக் காரம் வேண்டும் இடங்களில் உடைத்தே தீர வேண்டும். வயலில் கேப்பைக் கூழோ பழைய சோறோ குடிப்பவர்கள் கத்தி தேடுவதில்லை. கல்லின் மேல் காயை வைத்து உள்ளங்கையால் ஒரே குத்து. தோல் தானே விலகும், சாறு தெறிக்கும், அந்த நொடியில் வாயில் போட்டால்தான் ருசி. நறுக்கி மூடி வைத்த வெங்காயம் அரை நாளில் கசந்து போவதும் இதே வேதியியலின் பிற்பகுதி. பச்சையாக அரைத்த வெங்காயச் சட்னி மாலைக்குள் கசப்பதால்தான் வதக்கி அரைக்கச் சொல்கிறார்கள்.

வெங்காய வடகம் என்பது என்ன? வாசம் எங்கிருந்து வருகிறது?

சித்திரை, வைகாசி வெயிலில் ஆண்டுக்கு ஒருமுறை செய்து வைக்கும் தாளிப்புச் சரக்கு இது. உரித்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து ஓர் இரவு மூடி வைப்பார்கள். காலையில் உருண்டை பிடித்துப் பாயில் காயவைத்து, மாலையில் உருண்டைகளை உடைத்து, பாத்திரத்தில் தங்கிய சாற்றோடு மீண்டும் பிசைந்து மூடுவார்கள். எங்கள் வீட்டில் இது பத்து நாள் நடக்கும். மூன்றாம் நாள் தெருவே முகம் சுளிக்கும், ஏழாம் நாள் அதே தெரு "எங்களுக்கு ரெண்டு உருண்டை எடுத்து வை" என்று கேட்கும். கந்தகச் சேர்மங்கள் இரவில் ஊறி, பகலில் காய்ந்து, ஒன்றோடொன்று கூடி மாறுவதால் வரும் மணம் அது. நன்றாகக் காய்ந்து கறுத்த உருண்டை ஓராண்டு தாங்கும். வத்தக்குழம்பின் கடைசியில் பாதி உருண்டையை எண்ணெயில் பொரித்துக் கொட்டினால் வேறு தாளிப்பு வேண்டாம்.

வெங்காயத்தில் என்னென்ன சத்துகள் உள்ளன?

100 கிராம் பெரிய வெங்காயத்தில் ஏறக்குறைய 40 கலோரி, 1.7 கிராம் நார்ச்சத்து, 7 மில்லிகிராம் வைட்டமின் சி, 146 மில்லிகிராம் பொட்டாசியம். எண்களாகப் பார்த்தால் இது பெரிய செல்வம் இல்லை. ஒரு நெல்லிக்காய் வைட்டமின் சியில் இதை எளிதாகத் தோற்கடிக்கும். வெங்காயத்தின் தனிச்சிறப்பு வேறு இரண்டில் இருக்கிறது. ஒன்று, பிரக்டான் என்னும் நார்ப்பொருள். நம் குடல் அதைச் செரிக்காது, பெருங்குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அதை உணவாக்கிக்கொள்ளும். மற்றொன்று, குவர்செட்டின் முதலான நிறப்பொருள்கள். இவை வெளி அடுக்குகளில் மிகுதியாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கின்றன. ஆகவே காய்ந்த சருகோடு நிறுத்திக்கொள்ளாமல் முதல் சதை அடுக்கையும் சேர்த்து உரித்தெறியும் பழக்கம் நட்டமான பழக்கம். வெள்ளை வெங்காயத்தில் இந்த நிறப்பொருள்கள் மிகக் குறைவு.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றை வெங்காயம் குணமாக்குமா?

குணமாக்காது. இப்படி வெட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெங்காயத்தைப் பற்றிப் பரவும் செய்திகளில் பெரும்பாலானவை ஓர் ஆய்வின் நடுவிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கியவை. எடுத்துக்காட்டாக, குவர்செட்டின் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறது என்பது 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் முடிவு. ஆனால் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது நாளொன்றுக்கு 500 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாகக் கொடுத்தபோது. 100 கிராம் வெங்காயத்தில் சுமார் 20 முதல் 50 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அளவை எட்ட ஒரு கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரை நாள்தோறும் தின்ன வேண்டும். எந்த வயிறும் அதற்குச் சம்மதிக்காது.

சர்க்கரை நோய்க்கும் இதே நிலை. சிறிய சோதனைகளில் பச்சை வெங்காயம் சர்க்கரையளவை ஓரளவு குறைத்திருக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. பூண்டும் வெங்காயமும் அதிகம் உண்ணும் மக்களிடம் இரைப்பைப் புற்றுநோய் குறைவாகக் காணப்படுகிறது என்று சில நாடுகளின் கணக்கெடுப்புகள் காட்டின. அவர்களுடைய மற்ற உணவும் வாழ்முறையும் கூடவே வருவதால், பலன் வெங்காயத்தினுடையது மட்டுமே என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதனால் வெங்காயம் வீண் என்று ஆகிவிடாது. உப்பையும் எண்ணெயையும் குறைத்த உணவை வாய்க்கு விருப்பமாக ஆக்கித் தருவது வெங்காயம். தயிர்ப் பச்சடியோ வதக்கலோ வெங்காயத்தால் ருசியாகி, அதனால் ஒருவர் காய்கறி கூடுதலாக உண்கிறார் என்றால் அதுவே பெரிய உடல்நலப் பயன். என்னைக் கேட்டால் மருந்தைவிட இந்தத் தொண்டு உயர்ந்தது.

யார் யார் வெங்காயத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

முன்பு சொன்ன பிரக்டான், குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு வயிற்று உப்புசத்தையும் வலியையும் உண்டாக்கும். வெங்காயம் தின்றால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களின் குறை பெரும்பாலும் இதுதான். சமைத்தாலும் பிரக்டான் அழியாது. ஆனால் அது எண்ணெயில் கரையாது என்பதால், பெரிய துண்டுகளை எண்ணெயில் வதக்கி மணம் ஏற்றிவிட்டு, நீர் சேர்க்கும் முன் துண்டுகளை எடுத்துவிடலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவில் பச்சை வெங்காயத்தைத் தவிர்ப்பது நல்லது. வார்ஃபரின் என்னும் இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது காயை அல்ல, வெங்காயத் தாளை: பச்சைத் தாளில் வைட்டமின் கே மிகுதி, திடீரென்று அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்தின் வேலையைக் குலைக்கும்.

வெங்காயச் சாறு தேய்த்தால் முடி வளருமா?

2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வே இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அவர்கள் பார்த்தது புழுவெட்டு எனப்படும் திட்டு வழுக்கையை. அது தானாகவே சரியாகக்கூடிய நோயும் ஆகும். வயதாலும் மரபாலும் வரும் வழுக்கைக்கு வெங்காயச் சாறு பயன்பட்டதாகச் சான்று இல்லை. எரிச்சலும் அரிப்பும் பலருக்கு உண்டாகும். வாடை எல்லோருக்கும் உண்டு.

நறுக்கி வைத்த வெங்காயம் அறையிலுள்ள கிருமிகளை இழுக்குமா? தோலிலுள்ள கறுப்புத் தூள் கரும்பூஞ்சையா?

வெங்காயம் காற்றிலிருந்து எதையும் இழுப்பதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் அறை மூலையில் வெங்காயம் வைத்தவர்கள் பிழைத்தார்கள் என்ற கதைக்கும், காலுறைக்குள் வெங்காயத் துண்டு வைத்துத் தூங்கும் வைத்தியத்துக்கும் அடிப்படை கிடையாது. நறுக்கியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் பயன்படுத்தலாம். மற்ற காய்கறிகளுக்குரிய எச்சரிக்கையே இதற்கும் போதும்.

தோலில் படியும் கறுப்புத் தூள் 'ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்' என்னும் பூசணம். 2021இல் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய கரும்பூஞ்சை நோய் இதனால் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடியது. அந்த நோயை உண்டாக்குபவை முற்றிலும் வேறான பூசணங்கள். தூள் படிந்த அடுக்கை நீக்கிக் கழுவிவிட்டுச் சமைக்கலாம். உள்ளே வரை இறங்கி நொளுநொளுத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

வெங்காயத்தை எப்படிச் சேமிப்பது? முளைத்தால் சாப்பிடலாமா?

சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பேர் போன பெரம்பலூர்ப் பக்கம் போனால் வயல் ஓரங்களில் நீளமான 'பட்டறை'களைக் காணலாம். தரையிலிருந்து உயர்த்திக் கற்கள் மேல் மூங்கிலோ குச்சியோ பரப்பி, தாளோடு உலர்த்திய வெங்காயத்தை அதன் மேல் குவித்து, மழை படாமல் தென்னங்கீற்றால் மூடியிருப்பார்கள். அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடும்; காய்ந்த தாள் கழுத்தை இறுக்கி மூடியிருப்பதால் அழுகல் உள்ளே இறங்காது. பட்டறையில் கையை விட்டுப் பார்த்து, சூடு தட்டினால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது என்று விவசாயிகள் சொல்லிவிடுவார்கள். விலை வரும் வரை சில மாதம் இப்படிக் காத்திருப்பார்கள். பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அரிந்து தரம் பிரிக்க, மூட்டைகள் திண்டுக்கல் போன்ற மொத்தச் சந்தைகளுக்குப் போகும்.

வீட்டிலும் விதி இதுதான்: காற்று, நிழல், உலர்ச்சி. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கக் கூடாது, உருளைக்கிழங்கோடு சேர்க்கக் கூடாது. குளிர்பெட்டியில் முழு வெங்காயத்தை வைப்பதும் தவறு. கடுங்குளிரிலும், நம் ஊர் வெப்பத்திலும் வெங்காயம் அடங்கிக் கிடக்கும். 10 முதல் 20 டிகிரி வரையுள்ள இடைப்பட்ட குளிரில்தான் விழித்துக்கொண்டு மிகுதியாக முளைக்கும். முளைத்ததைச் சாப்பிடுவதில் தீங்கில்லை. உருளைக்கிழங்கின் முளையில் உள்ளது போன்ற நஞ்சு இதில் இல்லை. சேமித்த இனிப்பு குருத்துக்குப் போய்விடுவதால் காய் சற்றுச் சுவை குன்றியிருக்கும், அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் வெங்காய விலை ஏறி இறங்குவது ஏன்?

இந்தியாவின் பெரிய வெங்காய விளைச்சலில் ஏறத்தாழ 60 விழுக்காடு ரபி என்னும் குளிர்காலப் பருவத்தில் விளைந்து ஏப்ரல், மே மாதங்களில் வெளிவருகிறது. அதைச் சேமித்து வைத்துத்தான் காரிப் என்னும் மழைக்காலப் பருவத்துக் காய் வரும் வரை நாடு சமைக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் சேமிப்பு அழுகினாலோ, மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அறுவடை நேரத்தில் மழை பெய்தாலோ, நாசிக் மாவட்டத்து லாசல்கான் சந்தையில் விலை தாவும். இரண்டு நாளில் கோயம்பேட்டிலும் தாவும். அரசியலையும் இது அசைத்திருக்கிறது. 1980 தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரசாரப் பொருளாக்கினார். 1998இல் டெல்லியில் ஆளுங்கட்சி தோற்றதற்கு வெங்காயமே காரணம் என்று பேசப்பட்டது. அமெரிக்காவில் 1955இல் இரண்டு வியாபாரிகள் சிகாகோ சந்தையின் வெங்காயம் ஏறக்குறைய முழுவதையும் கைக்குள் கொண்டுவந்து விலையைக் கவிழ்த்ததில், பின்னால் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகமே வெங்காயத்தில் கூடாது என்று 1958இல் சட்டம் வந்தது.

சின்ன வெங்காயத்துக்கு இதில் ஓர் அநியாயம் நடக்கிறது. பெரிய வெங்காயத்தின் விலையை அடக்க 2019, 2020, 2023 ஆண்டுகளில் விதித்தது போன்ற ஏற்றுமதித் தடைகள் வரும்போது, இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக வேண்டிய சின்ன வெங்காயமும் சேர்ந்து துறைமுகத்தில் நிற்கிறது. நாசிக் காய்க்குப் போட்ட பூட்டு, அதோடு தொடர்பே இல்லாத பெரம்பலூர்க் காய்க்கும் சேர்ந்து விழுகிறது.

யாழ்ப்பாணத்து வெங்காயத்தைப் பற்றி ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணில், கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்சி விளைவிக்கும் சின்ன வெங்காயம் அங்குள்ள தோட்டக்காரர்களின் முதன்மையான பணப்பயிர்களில் ஒன்று. 1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. அந்தப் பணத்தில் கல் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுச் சரக்கு இறங்கியதும் அந்தச் செழிப்பு சட்டென்று தளர்ந்தது.

நாய், பூனைக்கு வெங்காயம் கலந்த சோறு வைக்கலாமா?

கூடாது. வெங்காயமும் பூண்டும் அவற்றின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகை உண்டாக்கும்; சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குழம்பில் வெங்காயத் துண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு வைத்தாலும் சாறு குழம்பில் இருக்கும். வெறும் சோறும் தயிரும் போதும்.

உரித்த சருகை என்ன செய்யலாம்?

நிறப்பொருள் அதிகம் உள்ள பகுதியே அதுதான் என்பதால், தண்ணீரில் கொதிக்க வைத்தால் பருத்தி, பட்டு, கம்பளிக்குப் பொன் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை சாயம் தரும். படிகாரம் சேர்த்தால் நிறம் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிய சருகைத் துணியில் முடிந்து காய்கறிச் சாறு கொதிக்கும்போது போட்டு எடுத்தால் நிறம் கூடும். மீதி தொட்டிச் செடியின் உரக்குழிக்குப் போகட்டும்.